உங்களுக்குத் தெரியுமா? கோயமுத்தூரில் ஒரு கடல்

கப்பி, மோலி, ஏஞ்சல் என்று நன்னீர் மீன்களில் கை தேறியவர்களுக்கு அடுத்து வருவது உப்புத் தண்ணீர்த் தொட்டி ஆசை. கடலே இல்லாத கொங்குச் சீமையில் அந்த ஆசை வந்தவர்களுக்காக இந்த வாரத் துணுக்குகள். சில கைக்கு உதவும், சில வாய்ப்பேச்சுக்கு உதவும்.

★

கோவை மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. ஆனால் இங்கே பெய்யும் மழை இரண்டு கடலுக்குப் போகிறது. நொய்யல் கிழக்கே ஓடிக் கரூர் மாவட்டத்தில் காவிரியில் விழுந்து வங்கக் கடலுக்குப் போகிறது. சிறுவாணி ஆறும் பவானியில் கலந்து அதே வழிதான். பொள்ளாச்சிப் பக்கத்து ஆழியாறோ மேற்கே திரும்பிக் கேரளத்தில் பாரதப்புழையோடு சேர்ந்து, பொன்னானியில் அரபிக் கடலைத் தொடுகிறது.

★

அந்தப் பொன்னானி, பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கோவையிலிருந்து 130 கிலோமீட்டர் சொச்சம். "ஒரு டெம்போ எடுத்துட்டுப் போயி கேன்ல பிடிச்சுட்டு வந்தரலாமுங்களா?" என்று கேட்காத புது ஆள் இல்லை. வேண்டாம். ஆற்று முகத்துவாரத்தில் பருவமழைக் காலத்தில் உப்பு வெகுவாக இறங்கிவிடும். கரையோரத்தில் படகு டீசலும் ஊர்ச் சாக்கடையும் கலந்திருக்கும். மூன்றடி நீளம், ஒன்றரையடி அகலம், ஒன்றரையடி உயரத் தொட்டிக்கு 190 லிட்டர் தண்ணீர் வேண்டும், அதாவது இருபது லிட்டர் கேன் பத்து. அதில் ஒரு பங்கை மாதாமாதம் மாற்றவும் வேண்டும். கடலை இங்கே தூக்கி வருவதை விட, வீட்டிலேயே கரைத்துக்கொள்வது மலிவு, நிம்மதி.

★

கொங்கு நாட்டுக்குக் கடல் சரக்கு வருவது புதிதல்ல. ஈரோடு மாவட்டம் கொடுமணலில், நொய்யல் கரையில், சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன்பே சங்கை அறுத்து வளையல் செய்திருக்கிறார்கள். அகழாய்வில் மணிக்கற்களோடு சங்குத் துண்டுகளும் கிடைத்தன. உப்பும் அப்படித்தான்: உமணர் என்று சங்க இலக்கியம் சொல்லும் வணிகர்கள் கடற்கரையிலிருந்து வண்டி கட்டி உள்நாட்டுக்கு ஏற்றி வந்தார்கள்.

★

கடல் நீர் ஒரு லிட்டரில் சுமார் 35 கிராம் உப்பு. மேலே சொன்ன 190 லிட்டர் தொட்டிக்கு முதல் தடவை 6.7 கிலோ. பிறகு ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றும் ஒவ்வொரு முறையும் 1.3 கிலோ. வாங்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். தொட்டி ஒரு தடவைச் செலவு, உப்பு மாதச் செலவு.

★

"ஏனுங்ணா, நம்ம மளிகைக்கடை கல்லுப்பப் போட்டா ஆகாதுங்களா? தூத்துக்குடி உப்புதானுங்களே, கடல்ல இருந்துதான வருது?"

"ஆகாதுங்க தம்பி."

கேள்வி நியாயமானது. பதில் உப்பளத்தில் இருக்கிறது. கடல் நீரைப் பாத்தியில் காய வைத்தால் எல்லா உப்பும் ஒரே நேரத்தில் உறைவதில்லை. முதலில் சுண்ணாம்புச் சத்து படியும். பிறகு ஜிப்சம். தண்ணீரின் அடர்த்தி போமே அளவில் 25 டிகிரிக்கு ஏறிய பிறகுதான் நாம் சாப்பிடும் உப்பு பூக்கும். அதை வாரி எடுத்ததும் மிஞ்சுகிற கசப்புத் தண்ணீரில் மெக்னீசியத்தில் பெரும்பகுதி நின்றுவிடும். ஆக, மூட்டையில் வருவது கடலின் ஒரு பகுதி மட்டுமே. கடல் உப்பில் சோடியமும் குளோரைடும் சேர்ந்து சுமார் 86 சதவீதம்தான். மீதி சல்பேட், மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம். நாக்குக்கு அந்த மீதி வேண்டாம். மீனுக்கு வேண்டும், பவளத்துக்கு அது இல்லாமல் ஓடே வளராது. கடைகளில் 'மரைன் சால்ட்' என்று வாளியில் விற்பது அந்த மீதியையும் சரிவிகிதத்தில் சேர்த்தது.

பாக்கெட்டில் வரும் பொடி உப்பு இன்னும் மோசம். அயோடினும், கட்டி தட்டாமலிருக்கச் சேர்க்கும் ரசாயனமும் அதில் உண்டு.

★

மரைன் சால்ட்டைக் கரைக்கும்போது வாளியில் முதலில் தண்ணீர், பிறகு உப்பு. மாற்றிச் செய்தால், அதாவது உப்பின் மேல் தண்ணீரை ஊற்றினால், அடியில் கொஞ்ச நேரத்துக்கு உப்பு தாறுமாறான அடர்த்தியில் இருக்கும். அதற்குள் கால்சியம் கார்பனேட்டாக மாறி வெள்ளையாகப் படிந்துவிடும். பிறகு எவ்வளவு கலக்கினாலும் அது கரையாது. வாளிக்குள் ஒரு சின்ன பம்பைப் போட்டு ஒரு நாள் ஓட விட்டு, தண்ணீர் கண்ணாடியாகத் தெளிந்த பிறகே தொட்டிக்கு.

★

சிறுவாணித் தண்ணீர் உலகத்திலேயே இரண்டாவது சுவையான தண்ணீர் என்று கோவையில் குழந்தைக்குக்கூடத் தெரியும். போட்டியை எங்கே நடத்தினார்கள், முதல் பரிசு யாருக்கு என்று கேட்டால் மட்டும் பேச்சு மாறிவிடும். பெருமை இருக்கட்டும். தாது உப்பு குறைந்த மெல்லிய தண்ணீர் என்பது உண்மை. டெட்ரா, டிஸ்கஸ் வளர்ப்பவர்களுக்கு அது வரம். கடல் தொட்டிக்கு அதுவும் போதாது. குழாயில் வருமுன் சேர்க்கும் குளோரின் ஒரு பக்கம், வழியில் கலக்கும் பாஸ்பேட், சிலிகேட் ஒரு பக்கம். நகரத்தின் பல பகுதிகளுக்குப் பில்லூர்த் தண்ணீர் வருகிறது, பல வீடுகளில் போர்வெல்லும் கலந்துதான் ஓடுகிறது. எந்தத் தண்ணீரானாலும் ஆர்.ஓ. வடிகட்டியில் விட்டு, டி.டி.எஸ். எனப்படும் கரைந்த உப்பின் அளவைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, அதன் பிறகு உப்புச் சேர்ப்பதே வழக்கம். எல்லாத்தையும் எடுத்துவிட்டு மறுபடி எல்லாத்தையும் சேர்ப்பது வேடிக்கையாகத் தெரியலாம். உள்ளே என்ன இருக்கிறதென்று கணக்குத் தெரிவது அப்போதுதான்.

★

சமையலறையில் மாட்டியிருக்கும் ஆர்.ஓ. இதற்கு உதவாது. பெரும்பாலான வீட்டு மெஷின்களில் சுவைக்காகத் தாது உப்பைத் திரும்பச் சேர்க்கும் ஒரு கார்ட்ரிட்ஜ் இருக்கிறது. டி.டி.எஸ். மீட்டரை முக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும். அந்த கார்ட்ரிட்ஜுக்கு முன்னால் குழாயைப் பிரித்து, கடைசியில், மிச்சமிருக்கும் தாது உப்பையும் பிடித்துக்கொள்ளும் ஒரு டி.ஐ. ரெசின் குழாயைச் சேர்த்தால் சரியாகும்.

★

ஆர்.ஓ. பற்றித் திருப்பூர்க்காரருக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. துணியில் சாயம் பிடிப்பதற்காகக் கொட்டிய உப்பெல்லாம் நொய்யலில் இறங்கி, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழே வயல்கள் உவர்த்துப்போன கதை ஊரறிந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னது. அதன் பிறகு கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் ஆர்.ஓ. வழியே சுத்திகரித்து, உப்பையும் பிரித்தெடுத்துத் திரும்பப் பயன்படுத்தும் முறைக்கு ஆலைகள் மாறின. தண்ணீர் உப்புக் கரித்தால் மட்டும் கடலாகிவிடாது என்பதற்குப் பழைய நொய்யலை விட நல்ல சாட்சி இல்லை. அந்த உப்பில் எந்தக் கடல் மீனும் பிழைத்திருக்காது.

★

கரும்பு வெட்டுப் பக்குவத்துக்கு வந்துவிட்டதா என்று பார்க்க, சாற்றை ஒரு சொட்டு வைத்துக் கண்ணருகே பிடித்துப் பார்க்கும் கைக்கருவியைக் கொங்கு விவசாயிகள் பலர் பார்த்திருப்பார்கள். பிரிக்ஸ் மீட்டர் என்பார்கள். 1912 முதல் கோவையில் இயங்கும் கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தில் அது அன்றாடப் பொருள். கடல் தொட்டிக்காரர் கையில் இருக்கும் ரிஃப்ராக்டோமீட்டரும் அதே ஜாதிதான். கரைந்த பொருள் கூடக் கூட ஒளி அதிகம் வளையும் என்பதே இரண்டுக்கும் அடிப்படை. உள்ளே பொறித்திருக்கும் அளவுகோல் மட்டும் வேறு. அங்கே சர்க்கரை, இங்கே உப்பு. நீங்கள் பார்க்க வேண்டிய எண் 35, அல்லது ஒப்படர்த்தி 1.025-லிருந்து 1.026. கரும்புக் கருவியை வைத்துத் தொட்டியை அளக்கக் கூடாது.

★

நன்னீர் மீன் தண்ணீர் குடிப்பதே இல்லை என்று சொல்லிவிடலாம். கடல் மீனோ குடித்துக்கொண்டே இருக்கிறது.

எலும்புள்ள மீன்களின் உடல் நீரில் உப்பின் அளவு, கடல் நீரில் இருப்பதில் சுமார் மூன்றில் ஒரு பங்கு. ஆற்றில் இருக்கும் மீனுக்கு உடம்பு உப்பு, வெளியே சப்பை. தண்ணீர் செவுள் வழியே தானாக உள்ளே ஏறும். அதை வெளியேற்ற ஓயாமல் சிறுநீர் கழிக்கும். கடலில் நிலைமை தலைகீழ். வெளியே உப்பு அதிகம், உடம்பிலிருந்து தண்ணீர் கசிந்து போய்க்கொண்டே இருக்கும். தாகத்துக்குக் கடலையே குடித்து, கூட வந்த உப்பைச் செவுளில் இருக்கும் தனிச் செல்கள் மூலம் வெளியே தள்ளும். நடுக் கடலில் நின்று தாகத்தில் காய்வது மனிதன் மட்டுமில்லை. சுறா தனி வழி: ரத்தத்தில் யூரியாவைச் சேர்த்து வைத்துக் கடலுக்குச் சமமாக நின்றுகொள்கிறது.

தொட்டியில் உப்பு ஒரே நாளில் ஏறி இறங்கினால் மீன் தவிப்பது இதனால்தான். புது மீனைக் கொண்டுவந்ததும் பையோடு மிதக்க விட்டு அவிழ்த்துவிடுகிற நன்னீர்ப் பழக்கம் இங்கே ஆகாது. மெல்லிய குழாயில் முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக மீன் இருக்கும் வாளியில் இறக்க வேண்டும்.

★

உங்கள் பழைய தொட்டியில் இருக்கும் கறுப்பு மோலி கடல் நீரிலும் வாழும். படிப்படியாக உப்பேற்றினால் போதும், பவள மீன்களோடு சேர்ந்து நீந்தும். உப்புத் தொட்டிக்கு முதல் குடியாக மோலியை விடும் பழக்கம் உலகெங்கும் உண்டு. பாசி தின்னும், விலை குறைவு, கடலிலிருந்து யாரும் பிடித்துவர வேண்டியதுமில்லை. புதியவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன். யாரும் கேட்பதில்லை, எல்லோருக்கும் நீமோ வேண்டும்.

★

அமராவதி அணைப் பக்கம் பொரித்துத் தரும் ஜிலேபி மீனும் அப்படிப்பட்ட கில்லாடிதான். ஆப்பிரிக்காவைச் சேர்ந்த மொசாம்பிக் திலாப்பியா 1952-ல் இந்தியாவுக்கு வந்தது. அணை நீரிலும் வாழும், கடல் நீரிலும் வாழும்.

★

காவிரி, பவானி விலாங்கு பிறந்தது கடலில். ஆற்றில் வளர்ந்து, முட்டையிடக் கடலுக்கே திரும்பும். உல்லம் மீனுக்கு நேர் எதிர் வாழ்க்கை: கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றில் ஏறும். 1934-ல் மேட்டூர் அணை எழும்பிய பிறகு காவிரியில் உல்லம் வரத்து அடியோடு சரிந்தது.

★

அதே அளவு அம்மோனியா, கடல் தொட்டியில் பத்து மடங்குக்கு மேல் விஷம். அம்மோனியா தண்ணீரில் இரண்டு வடிவங்களில் இருக்கும், அதில் ஒன்று மட்டுமே மீனைக் கொல்லும். பி.எச். 7 உள்ள மெல்லிய தண்ணீரில் அந்தக் கொடிய வடிவம் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. கடல் நீரின் பி.எச். 8.2 வாக்கில் இருப்பதால் அது பல மடங்கு ஏறிவிடும். சிறுவாணித் தண்ணீரில் பத்து மீன் கூடுதலாக விட்டும் தப்பித்துவந்தவர்கள் இங்கே மாட்டிக்கொள்வது இந்த இடத்தில். மூன்றடித் தொட்டிக்கு நாலைந்து சின்ன மீன், அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது.

நைட்ரைட் கதை வேறு. நன்னீர்க்காரர்கள் நடுங்கும் நைட்ரைட், கடல் மீனை அவ்வளவாகத் தொடுவதில்லை. தண்ணீரில் குளோரைடு ஏராளமாக இருப்பதால் அது செவுளுக்குள் நுழைய வழி கிடைப்பதில்லை.

★

அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் குடியேற நான்கு முதல் எட்டு வாரம் பிடிக்கும். அதுவரை காலித் தொட்டி. உப்பு, பம்பு, கல், விளக்கு எல்லாம் ஓடும், மீன் மட்டும் இருக்காது. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் "மீன் எங்கீங்க?" என்று கேட்பார்கள். கல்லும் மணலும் பழுப்புப் பாசி பூத்து அழுக்காகத் தெரியும். அது சிலிகேட்டைத் தின்னும் நுண்பாசி. பெரும்பாலும் தானே வந்து தானே போகும்.

★

பம்பு இல்லாத காலத்தில் கடல் தொட்டியை எப்படி வைத்திருந்தார்கள்? லண்டனில் ஆனா தின் என்ற சீமாட்டி 1846-ல் டார்க்கி கடற்கரையிலிருந்து உயிருள்ள கல்பவளங்களைக் கொண்டுவந்து வீட்டில் வளர்த்தார். வேலைக்காரப் பெண் திறந்த ஜன்னலருகே நின்று, தண்ணீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு அரை மணி, முக்கால் மணி நேரம் தினமும் ஆற்ற வேண்டும். நம்மூர் டீ மாஸ்டர் செய்கிற அதே வேலை. காற்று கலந்தது, பவளம் பிழைத்தது. சரித்திரத்தில் சீமாட்டியின் பெயர் நின்றது. ஆற்றிய பெண்ணின் பெயரைக் காணோம்.

★

ஆசியாவின் முதல் கடல் மீன் காட்சியகம் என்று சொல்லப்படுவது சென்னை மெரினாவில் இருந்தது. அருங்காட்சியகத் தலைவர் எட்கர் தர்ஸ்டன் முயற்சியில் உருவாகி 1909-ல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போரில் ஜப்பான் குண்டு பயம் வந்தபோது மூடினார்கள்.

★

வடிகட்டி இயந்திரங்களை நம்பாமல் உயிருள்ள கல்லையும் காற்றுக் குமிழியையும் வைத்தே பவளத் தொட்டியை நடத்திக் காட்டியவர் இந்தோனேசியாவின் லீ சின் எங். 1961-ல் அவர் எழுதிய கட்டுரை வெளிவந்தபோது பலர் நம்பவில்லை. இன்று உலகம் முழுக்க நடக்கும் முறைக்கு வேர் அதுதான்.

★

நன்னீர்த் தொட்டியில் பார்த்திராத ஒரு சாதனம் ஸ்கிம்மர். உயரமான ஒரு குழாய், உள்ளே பொடிப்பொடியாகக் காற்றுக் குமிழிகள், மேலே ஒரு கிண்ணம். மீன் கழிவிலும் தீனியிலும் இருக்கும் புரதம் குமிழியின் தோலில் ஒட்டிக்கொண்டு நுரையாக ஏறிக் கிண்ணத்தில் வழியும். இரண்டு மூன்று நாளில் கிண்ணத்தில் பழுப்பு நிறத்தில், கெட்டியாக, மூக்கைப் பொத்தவைக்கும் ஒரு திரவம் சேர்ந்திருக்கும். பார்க்கத் தெளிவாக இருந்த தண்ணீருக்குள் இருந்தது இதுதான். நன்னீரில் இந்தக் கருவி சரிப்படாது. சாதாரணத் தண்ணீரில் குமிழிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகி உடைந்துவிடும். உப்புத் தண்ணீரில் குமிழி சின்னதாகவே நிற்கும். அலை உடையும் கரையில் வெள்ளையாக நுரை நிற்பதும், ஆற்றில் அப்படி நிற்காததும் இதனால்தான்.

★

ஆனியிலும் ஆடியிலும் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகளைச் சுற்றுகிறது. உங்கள் தொட்டித் தண்ணீரையும் அது குடிக்கும். ஆவியாவது வெறும் தண்ணீர் மட்டும், உப்பு தங்கிவிடும். 190 லிட்டரில் 10 லிட்டர் ஆவியானால் 35-ஆக இருந்த உப்பு 37-ஐத் தொட்டுவிடும். அந்தக் குறையை ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றித்தான் நிரப்ப வேண்டும். உப்புத் தண்ணீரை ஊற்றினால் உப்பின் மேல் உப்பு சேரும். புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். தொட்டியின் வெளிப்புறம் ஒரு கோடு கிழித்துவைத்து, தினம் காலையில் அந்தக் கோடு வரை நிரப்பினால் போதும்.

★

உப்பு நீரில் ஆக்சிஜன் குறைவு. அதே வெப்பத்தில் நன்னீரில் கரைவதை விட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவாகவே கரையும். சூடு ஏற ஏற இன்னும் குறையும். 24-லிருந்து 27 டிகிரி வரை நல்லது. கோவையில் பாதி வருஷம் இது பிரச்சினையே இல்லை. சித்திரையில்தான் தலைவலி. சில்லர் வாங்க முடியாதவர்கள் தண்ணீர்ப் பரப்பின் மேல் சின்ன ஃபேன் வைப்பார்கள். இரண்டு டிகிரி இறங்கும், ஆனால் மேலே சொன்ன ஆவிக் கணக்கு கூடும்.

கரண்ட் போனால் கடல் தொட்டிக்கு அவகாசம் குறைவு. பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

★

பம்ப் செட்டுக்குப் பேர்போன ஊர் கோவை. ஆனால் கிணற்று மோட்டாரைத் தெரிந்தவர் என்பதற்காகக் கடல் தொட்டிக்குக் கைக்குக் கிடைத்த பம்பைப் போட முடியாது. இரும்பு உதிரி துருப்பிடிக்கும். செம்பு, பித்தளை உதிரி கரைந்தால் மீன் சமாளிக்கும். இறால், நத்தை, பவளம் செத்துவிடும். தண்ணீர் படும் பாகமெல்லாம் பிளாஸ்டிக்காகவும், தண்டு செராமிக்காகவும் இருப்பதை வாங்க வேண்டும்.

உப்பு தெறித்து, காய்ந்து, ஒயர் மேல் வெள்ளையாக ஊர்ந்து பிளக் பாயின்ட் வரை போகும். ஒயரைப் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு மேலே ஏற்றுங்கள். தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும். வீட்டில் ஈ.எல்.சி.பி. இல்லையென்றால் முதல் செலவு அதுவாக இருக்கட்டும்.

★

கல்பவளம் வைத்திருப்பது சட்டப்படி குற்றம். 2001-ல் மத்திய அரசு கல்பவள இனங்கள் அனைத்தையும், கடல் குதிரை, கடல் அட்டை, கடல் விசிறி ஆகியவற்றையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் சேர்த்தது. சிங்கம், புலிக்கு இருந்த பாதுகாப்பு அப்போது கடல் குதிரைக்கும் கிடைத்தது. உயிரோடிருந்தால்தான் என்றில்லை. நன்னீர்த் தொட்டியில் அழகுக்காகப் போடுகிறோமே, வெளுத்த பவளத் துண்டு, அதுவும் இதில் அடக்கம். கடைக்காரர் "இது வெறும் கல்லுங்க" என்றால் நம்ப வேண்டாம். பூப்பூவாகத் துளை இருந்தால் அது ஒரு காலத்தில் உயிர்.

தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையே 21 தீவுகளைச் சுற்றிய மன்னார் வளைகுடா 1986-ல் கடல்சார் தேசியப் பூங்காவானது. அங்கே சுண்ணாம்புக்காகவும் சிமென்டுக்காகவும் பல ஆண்டுகள் பவளப்பாறையை வெட்டி எடுத்தார்கள். போன பாறை திரும்பி வளர எத்தனையோ தலைமுறை ஆகும். தொட்டிக்கு அதிலிருந்து ஒரு கல்கூட எடுத்து வராதீர்கள். துளைகள் நிறைந்த செயற்கைக் கல் கிடைக்கிறது. அதில் பாக்டீரியா குடியேற இரண்டு மாதம் பொறுத்தால் போதும்.

★

வெளிநாட்டிலிருந்து வந்த பவளம் என்று கடையில் சொன்னால் ரசீதும் இறக்குமதிக் காகிதமும் கேளுங்கள். சர்வதேச ஒப்பந்தப் பட்டியலில் உள்ள உயிரினங்களை வைத்திருப்பவர்கள் அரசிடம் பதிவு செய்ய வேண்டும் என்பது 2022 சட்டத் திருத்தம். காகிதம் இல்லையென்றால் மாட்டுவது வாங்கியவரும்தான்.

★

நீமோ என்று குழந்தைகள் கூப்பிடும் கோமாளி மீன் ஒவ்வொன்றும் முதலில் ஆண்தான். கூட்டத்தில் பெரியது மட்டும் பெண்ணாகும். அந்தப் பெண் செத்துப்போனால் அடுத்த ஆண் பெண்ணாக மாறிக்கொள்ளும். 2003-ல் வந்த படம் உண்மையை ஒட்டி நடந்திருந்தால், நீமோவின் அப்பா கொஞ்ச நாளில் அம்மாவாகியிருப்பார். கதை எழுதியவர்கள் அதைத் தொடாமல் விட்டது புத்திசாலித்தனம்.

★

கடையில் பார்க்கும் நன்னீர் வண்ண மீன்களில் பெரும்பாலானவை சென்னை கொளத்தூர் போன்ற இடங்களில் தொட்டியில் பிறந்தவை. கடல் வண்ண மீன்களில் பெரும்பாலானவை கடலிலிருந்து பிடித்தவை. பிலிப்பைன்ஸ் பக்கம் 1960-கள் முதல் சயனைடு தெளித்து மயக்கிப் பிடிக்கும் பழக்கமும் இருந்தது. அப்படிப் பிடித்த மீன் கடையில் பளபளவென்று இருக்கும், வீட்டுக்கு வந்து சில வாரங்களில் காரணம் தெரியாமல் போகும்.

கோமாளி மீன் இதற்கு விதிவிலக்கு. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் பல வகைக் கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்த்துக் காட்டிவிட்டன. முட்டையைக் காவல் காப்பதும் விசிறுவதும் ஆண். ஒரு வாரம், பத்து நாளில், விளக்கு அணைந்த பிறகுதான் பொரியும். குஞ்சின் வாய்க்குள் போகிற அளவில் ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிரைத் தனியாக வளர்த்துக் கொடுக்க வேண்டும். வாங்கும்போது "பொரிச்சதா, புடிச்சதா?" என்று கேட்டால் பதில் சொல்லக் கடைக்காரர் கூச்சப்பட மாட்டார். கேட்க நீங்களும் கூச்சப்படாதீர்கள். தொட்டியில் பிறந்தது குருணைத் தீனியை உடனே எடுக்கும், கண்ணாடியைத் தட்டினால் மிரளாது.

★

விலை குறைவு என்று நீல டாம்சல் மீனை முதலில் விடாதீர்கள். விரல் நீளம்தான் இருக்கும். பிறகு வரும் ஒவ்வொரு மீனையும் தொட்டி தன்னுடையது என்று விரட்டும். அதை வெளியே பிடிக்கக் கல் முழுவதையும் கலைக்க வேண்டி வரும்.

★

வண்ண மீன் வளர்ப்புக் கூடம் அமைக்க, 2020-ல் தொடங்கிய பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் மானியம் வைத்தார்கள். பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதம், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 சதவீதம். நன்னீர் மீனோடு கடல் மீனும் அதில் சேர்த்திதான். நடப்பு நிலவரத்தை மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

★

உப்புக்கு மாறும்போது பழைய மீன்களை உக்கடம் பெரியகுளத்திலோ வாலாங்குளத்திலோ விட்டுவிட்டு வருபவர்கள் உண்டு. புண்ணியம் என்ற நினைப்பு. தொட்டிக் கண்ணாடியைத் துடைக்க வாங்கிய தென் அமெரிக்க டேங்க் கிளீனர் மீன் குளத்தில் ஏராளமாகப் பெருகி, கரையில் வளை தோண்டி, வலையைக் கிழித்து மீனவர்களை அழவைக்கிறது. தமிழ்நாட்டு நீர்நிலைகள் பலவற்றில் இது ஏற்கெனவே நடந்திருக்கிறது. கடைக்கே திருப்பிக் கொடுங்கள், இலவசமாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள்.

★

வெள்ளைப்புள்ளி நோய்க்கு நன்னீரில் கல்லுப்பைப் போட்டுக் குணப்படுத்தியவர்கள் ஏராளம். கடல் மீனுக்கும் வெள்ளைப்புள்ளி வரும். பார்க்க ஒன்று போலவே இருக்கும், ஆனால் கிருமி வேறு. உப்பிலேயே பிறந்த அதற்கு உப்பு என்ன செய்யும்? செம்பு மருந்து, அல்லது உப்பின் அளவை வெகுவாகக் குறைத்து வைப்பது, இரண்டையும் தனித் தொட்டியில்தான் செய்ய முடியும்.

ஆகவே பழைய நன்னீர்த் தொட்டியை விற்றுவிடாதீர்கள். புது மீன் எதுவானாலும் நான்கு வாரம் அதில் இருந்துவிட்டுப் பெரிய தொட்டிக்குப் போகட்டும். மணல் வேண்டாம், கல் வேண்டாம். இரண்டு துண்டு பி.வி.சி. குழாய் போட்டால் மீன் ஒளிந்துகொள்ளும். ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர் போதும். ஒரு தடவை செம்பு மருந்து ஊற்றிய தொட்டியில் மட்டும் பிறகு இறாலோ நத்தையோ வைக்கக் கூடாது. மிச்சச் செம்பு அதில் தங்கியிருக்கலாம்.